பெனிபிட் வாங்காத வீட்டுக்கு எனர்ஜி மானியம்: கவுன்சில் லோக்கல் கிராண்டா, ஈகோ4 ஃப்ளெக்ஸா, பாய்லர் மானியமா?

யூனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்ற அரசு உதவித்தொகை (பெனிபிட்) எதுவும் இல்லை. ஆனால் ஜனவரி மாதம் ஹீட்டிங் போட இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது. இங்கிலாந்தில் இப்படி நடுவில் நிற்கும் குடும்பங்கள் பல, "அதெல்லாம் பெனிபிட் எடுப்பவர்களுக்குத்தான்" என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகின்றன. 2026 நிலவரப்படி அப்படிப்பட்ட வீட்டுக்கு மூன்று வழிகள் உண்டு: கவுன்சில்கள் நேரடியாக நடத்தும் வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட், கவுன்சில் கையெழுத்திட்டு எனர்ஜி நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் ஈகோ4 ஃப்ளெக்ஸ், வருமானமே கேட்காத பாய்லர் அப்கிரேட் ஸ்கீம். மூன்றில் எது உங்களுக்கு என்பது பெரும்பாலும் இரண்டு தகவலில் தீர்ந்துவிடும். அந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## முதலில் பார்க்க வேண்டியவை

வீட்டின் ஈபிசி (எனர்ஜி திறன் சான்றிதழ்) எழுத்து. அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் உங்கள் வீட்டின் சான்றிதழ் வந்துவிடும், கட்டணம் இல்லை. சான்றிதழ் 10 ஆண்டு செல்லும். 55 முதல் 68 புள்ளி வரை டி, 39 முதல் 54 வரை ஈ, அதற்குக் கீழே எஃப், ஜி. 69 புள்ளி வந்துவிட்டால் சி, கவுன்சில் சம்பந்தப்பட்ட இரண்டு வழிகளும் அங்கேயே மூடிவிடும். 67, 68 என்று விளிம்பில் நிற்கும் வீடுகளில்தான் சிக்கல். சான்றிதழ் எடுத்த பிறகு நீங்களே லாஃப்ட்டுக்கு இன்சுலேஷன் போட்டிருந்தாலோ புது பாய்லர் வைத்திருந்தாலோ, மானியத்துக்காக வரும் அசெஸர் மறுபடி அளக்கும்போது வீடு சி ஆகிவிடலாம். சான்றிதழே இல்லாவிட்டால் உடனே காசு கொடுத்து எடுக்க வேண்டாம். திட்டத்தின் பகுதியாகவே எடுத்துத் தருவார்களா என்று கவுன்சிலிடம் முதலில் கேளுங்கள்.

வீட்டின் மொத்த வருமானம். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகை, வீட்டில் வாழும் பெரியவர்கள் எல்லோருடையதும் சேர்த்து. இரண்டு எண்களை நினைவில் வையுங்கள்: ஃப்ளெக்ஸுக்கு 31,000 பவுண்டு, லோக்கல் கிராண்டுக்கு 36,000 பவுண்டு. 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. வாரம் 37.5 மணி நேரம் உழைப்பவருக்கு ஆண்டுக்குச் சுமார் 24,785 வரும். துணைவர் வாரம் 16 மணி நேரம் கடையில் நின்றால் இன்னொரு 10,575. கூட்டினால் 35,360: லோக்கல் கிராண்டுக்குள் 640 பவுண்டு இடைவெளியில் நுழையும், ஃப்ளெக்ஸின் வருமான வழிக்கு வெளியே நிற்கும். இருவரும் முழுநேரம் என்றால் குறைந்தபட்ச ஊதியத்திலேயே இரண்டு வரம்பும் தாண்டிவிடும். மறுபுறம், முழு ஸ்டேட் பென்ஷன் வாங்கும் கணவன் மனைவிக்கு வாரம் 241.30 வீதம் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 25,100. பென்ஷன் கிரெடிட் கிடைக்காத இவர்கள் இரண்டு வரம்புக்குள்ளும் வசதியாக வருகிறார்கள்.

நம் வீடுகளில் அடிபடுவது வேறு இடத்தில். படிப்பு முடித்து வேலைக்குப் போய் இன்னும் பெற்றோரோடு இருக்கும் மகன், மேல்மாடியில் இருக்கும் தம்பி குடும்பம் என்று எல்லோர் சம்பளமும் இந்தக் கூட்டலில் வரும். ஒருவரை விட்டுவிட்டு எழுதினால் கவுன்சில் டாக்ஸ் பதிவிலும் வாக்காளர் பட்டியலிலும் பெயர் நிற்கும். நீங்கள் கையெழுத்திடுவது சட்டப்படியான உறுதிமொழி.

இவை இரண்டும் தகுதியைச் சொல்லும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இன்னும் மூன்று கேள்விகள் உண்டு: என்ன வேலை செய்து தருவார்கள், மானியத்துக்கு வெளியே உங்கள் பையிலிருந்து எவ்வளவு போகும், வேலை கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது.

| | லோக்கல் கிராண்ட் | ஈகோ4 ஃப்ளெக்ஸ் | பாய்லர் அப்கிரேட் |
|---|---|---|---|
| யார் நடத்துவது | கவுன்சில் அல்லது கவுன்சில்களின் கூட்டு | இன்ஸ்டாலர். கவுன்சில் தகுதியை மட்டும் உறுதி செய்யும் | எம்சிஎஸ் தரச்சான்று அமைப்பில் பதிவு பெற்ற இன்ஸ்டாலர் |
| வருமானம் | 36,000 வரை, அல்லது தகுதியான அஞ்சல் குறியீடு | 31,000 வரை, அல்லது மாற்று வழிகள் | கேட்பதில்லை |
| ஈபிசி | டி முதல் ஜி | டி முதல் ஜி. சில வழிகளில் ஈ முதல் | குறிப்பிட்ட எழுத்து வேண்டும் என்ற நிபந்தனை இல்லை |
| கிடைப்பது | இன்சுலேஷன், சோலார், ஹீட் பம்ப் (வெளிக் காற்றின் அல்லது மண்ணின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுக்கும் கருவி) | இன்சுலேஷனும் ஹீட்டிங்கும் சேர்ந்த தொகுப்பு | ஏர் சோர்ஸ் (காற்று) அல்லது கிரவுண்ட் சோர்ஸ் (மண்) ஹீட் பம்புக்கு 7,500 பவுண்டு |
| உங்கள் பங்கு | சொந்தக்காரர் குடியிருந்தால் இல்லை | இன்ஸ்டாலர் கேட்கலாம் | மீதி முழுவதும் |
| காலம் | 2028 மார்ச் வரை | 2026 முடிவு வரை | ஓடிக்கொண்டிருக்கிறது |

கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் ஸ்கீம் என்ற பெயரை இன்னும் பலர் சொல்வார்கள். கவுன்சில் டாக்ஸ் ஏ முதல் டி வரை உள்ள வீட்டுக்கு வருமானம் கேட்காமல் ஒரு இன்சுலேஷன் வேலை செய்து கொடுத்த திட்டம் அது. 2026 மார்ச்சோடு முடிந்துவிட்டது. அந்தப் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிறவரை அப்படியே அனுப்பிவிடலாம்.

## வார்ம் ஹோம்ஸ் லோக்கல் கிராண்ட்

2025 ஏப்ரலில் தொடங்கியது. சொந்த வீட்டில் இருப்பவருக்கும் தனியார் வாடகையில் இருப்பவருக்கும் பொருந்தும். உள்ளே போக மூன்று வாசல். ஒன்று பெனிபிட்; அதை விடுங்கள்.

இரண்டாவது அஞ்சல் குறியீடு. வருமானக் குறைவில் நாட்டின் கடைசி 20% பகுதிகளில் வீடு இருந்தால், ஈபிசி டி முதல் ஜி வரை இருக்கும் பட்சத்தில், வருமானத்துக்குக் காகிதமே கேட்பதில்லை. பலருக்கும் தெரியாத வாசல் இதுதான். ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ ஒரே தெருவின் இந்தப் பக்கம் பட்டியலில் இருக்கும், அந்தப் பக்கம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பாமல் உங்கள் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாவது வருமானம். 36,000 தாண்டினாலும் உடனே விட்டுவிட வேண்டாம். வாடகை அல்லது மார்ட்கேஜ் கழித்து, வீட்டில் எத்தனை பேர் என்பதற்கு ஏற்ப மாறும் ஓர் அட்டவணை உண்டு. இரண்டு மூன்று பிள்ளைகள், மாதம் 1,600 மார்ட்கேஜ் என்றிருக்கும் குடும்பம் 40,000க்கு மேலும் அதில் தேறக்கூடும். முதல் படிவத்தில் வருமானத்தை மட்டும் போட்டுவிட்டு, தகுதியில்லை என்று வந்ததும் நிறுத்திக்கொள்கிறவர்கள் இழப்பது இதைத்தான்.

பணம் இரண்டு பகுதி: இன்சுலேஷன், சோலார் போன்றவற்றுக்கு 15,000 பவுண்டு அளவும், ஹீட் பம்ப் போன்ற கார்பன் குறைந்த ஹீட்டிங்குக்கு இன்னொரு 15,000 அளவும். இவை கவுன்சில் தன் வீடுகள் எல்லாவற்றுக்கும் சராசரியாகப் பார்க்கும் வரம்பு. காசாக உங்கள் கைக்கு வராது, என்ன வேலை என்பதையும் நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. புது கேஸ் பாய்லர் இதில் கிடையவே கிடையாது.

விண்ணப்பம் அரசு இணையதளத்தில் தொடங்கி உங்கள் கவுன்சிலுக்குப் போகும். பி60 (முதலாளி தரும் ஆண்டுச் சம்பள, வரிச் சான்று), சம்பளச் சீட்டு, சொந்தத் தொழில் என்றால் வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். கடைசி மாதங்களில் ஓவர்டைம் ஏறியிருந்தால் சம்பளச் சீட்டை வைத்துப் பெருக்கும்போது வரம்பு தாண்டிவிடும். அப்போது முழு ஆண்டுக் கணக்கைக் காட்டும் பி60ஐ ஏற்கச் சொல்லிக் கேளுங்கள். அதன் பிறகு அசெஸர் வருவார், வடிவமைப்பு நடக்கும், அதற்குப் பின்தான் வேலை. வாரக்கணக்கில் முடியும் காரியமில்லை. ஆண்டு ஒதுக்கீடு தீர்ந்தால் கவுன்சில் வரிசையை நிறுத்திவைக்கும்.

வீட்டு உரிமையாளர்கள் கவனிக்க: வாடகைக்கு விட்ட முதல் வீட்டுக்கு முழு மானியம், அடுத்த வீடுகளுக்குப் பாதிச் செலவு உங்களுடையது. தகுதிக்குப் பார்ப்பது குடியிருப்பவரின் வருமானத்தை. லீஸ்ஹோல்ட் (நீண்ட காலக் குத்தகை) ஃப்ளாட் என்றால் வெளிச்சுவரும் கூரையும் கட்டடத்தின் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டருடையவை. அவருடைய எழுத்துச் சம்மதம் இல்லாமல் எதுவும் நகராது.

## ஈகோ4 ஃப்ளெக்ஸ்

ஈகோ4 என்பது பெரிய எனர்ஜி நிறுவனங்கள் மீது அரசு சுமத்திய கடமை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் இதற்குப் பின் ஈகோ இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். 2026 மார்ச்சில் முடியவிருந்தது ஆண்டு இறுதி வரை நீண்டிருக்கிறது. அதனால் பல இன்ஸ்டாலர்கள் புது வீடு எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். இப்போது இதைத் தேடிப் போக வேண்டிய காரணம் ஒன்றுதான்: லோக்கல் கிராண்டில் நுழைய முடியாத, ஆனால் வீட்டில் நோயாளி இருக்கும் குடும்பம்.

முதல் வழி 31,000 வருமானம். அது தேறுகிறவருக்கு லோக்கல் கிராண்டும் தேறும் என்பதால் இதில் நேரம் செலவிடத் தேவையில்லை.

இரண்டாவது வழி, ஈ முதல் ஜி வரை உள்ள வீட்டுக்கு, பட்டியலிலிருந்து இரண்டு அடையாளங்கள் சேர்ந்திருப்பது. குளிரால் பாதிக்கப்படக்கூடியவர் வீட்டில் இருப்பது ஒன்று: 5 வயதுக்குக் கீழ் குழந்தை, கர்ப்பிணி, 65 தாண்டியவர் போன்றோர். வருமானக் குறைவுக்கான கவுன்சில் டாக்ஸ் குறைப்பு, வருமானக் குறைவால் கிடைக்கும் இலவசப் பள்ளி உணவு, பின்தங்கிய பகுதி என்பவை வேறு சில. இங்கே தவறாகக் கணக்குப் போடுகிறவர்கள் அதிகம். தனியாக வாழ்பவருக்கான 25% கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி இதில் சேராது. லண்டன் மேயர் 2023 செப்டம்பர் முதல் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும் உணவும், முதல் மூன்று வகுப்புகளுக்கு நாடெங்கும் கிடைப்பதும் சேராது. பின்தங்கிய பகுதியையும் குளிரால் பாதிக்கப்படக்கூடியவர் என்பதையும் ஒரே ஜோடியாகச் சேர்க்கவும் முடியாது.

மூன்றாவது வழியில் வருமான வரம்பே கிடையாது. இதய நோய், சுவாச நோய், நோய் எதிர்ப்பு சக்தி குன்றிய நிலை, நடமாட்டம் குறைந்த நிலை ஆகியவற்றில் ஒன்று வீட்டில் ஒருவருக்கு இருந்து, குளிர் வீடு அதை மோசமாக்கும் என்று ஜிபியோ மருத்துவமனையோ பரிந்துரைக்க வேண்டும். நீரிழிவு மட்டும் இருந்தால் இந்தப் பட்டியலில் இடமில்லை. அதோடு இதயச் சிக்கல் இருந்தால் அதைக் குறிப்பிட்டுக் கடிதம் கேளுங்கள். ஜிபி கடிதத்துக்குக் கட்டணம் வாங்கலாம்.

எந்தெந்த வழியை ஏற்கிறது என்பதை ஒவ்வொரு கவுன்சிலும் தன் இணையதளத்தில் ஒரு நோக்க அறிக்கையாகப் போட்டிருக்கும். அதில் இல்லாத வழியை இன்ஸ்டாலர் வாக்குறுதி கொடுத்தாலும் பயனில்லை.

கவுன்சில் கையெழுத்திட்டாலும் இன்ஸ்டாலர் உங்கள் வீட்டை எடுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டுக்கு எத்தனை புள்ளி ஏறுமோ அதற்கேற்பத்தான் அவருக்குப் பணம். எஃப், ஜி வீட்டை டிக்கும், டி, ஈ வீட்டை சிக்கும் உயர்த்தியே ஆக வேண்டும். சிறிய டி வீட்டில் அவருக்கு லாபம் கட்டுப்படியாகாது. அதனால்தான் "கொஞ்சம் காசு போடுங்கள்" என்ற பேச்சு வருகிறது. கேஸ் ஹீட்டிங் உள்ள வீட்டுக்கு ஈகோ4இல் சோலார் கிடைப்பதில்லை; மின் ஹீட்டிங்கோடுதான் அது வரும். சோலாரை முன்னால் காட்டிக் கையெழுத்து வாங்குகிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

வெளிச்சுவர் இன்சுலேஷன் பற்றி ஒரு எச்சரிக்கை. ஈகோ4, கிரேட் பிரிட்டிஷ் இன்சுலேஷன் இரண்டிலும் நடந்த வேலைகளைத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் ஆராய்ந்தது. வெளிச்சுவர் வேலை நடந்த வீடுகளில் 98%, அதாவது 22,000 முதல் 23,000 வீடுகளில், திருத்த வேண்டிய பெரிய குறை இருந்தது. திறன் போதாத ஆட்கள், கை மாறிக் கை மாறிப் போன துணை ஒப்பந்தம், எந்தத் தரவிதி எந்த வேலைக்கு என்ற குழப்பம் எல்லாம் காரணம். நீங்களே பார்க்கக்கூடிய இடங்கள் மூன்று. சுவர் 9, 10 செ.மீ. வெளியே வந்துவிடும் என்பதால் ஜன்னல் அடிக்கட்டை அதற்கும் மேல் 3, 4 செ.மீ. நீண்டிருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மழைநீர் நேராகச் சுவரின் தலையில் வழியும். கூரை விளிம்பில் இன்சுலேஷனின் மேல்முனை மூடப்பட்டிருக்க வேண்டும். பாய்லர் புகைக்குழாய், தண்ணீர் இறங்கு குழாய் இரண்டும் புதுச் சுவருக்கு ஏற்ப நீட்டி மாற்றப்பட்டிருக்க வேண்டும், பழைய இடத்தில் புதைந்திருக்கக் கூடாது.

## பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்

இருவரும் சம்பாதித்து 50,000 தாண்டும் வீட்டுக்கு எஞ்சியிருப்பது இது. கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லை. இன்ஸ்டாலர் விலையிலேயே 7,500ஐக் கழித்துவிட்டு, எனர்ஜி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமிடம் அவர் வாங்கிக்கொள்வார். ஏர் சோர்ஸ் ஹீட் பம்ப் முழு வேலை பொதுவாக 12,000 முதல் 13,000 வரை ஆவதால் உங்கள் பங்கு 5,000 அளவில் நிற்கும். ஏர் சோர்ஸ் என்றால் வவுச்சர் கிடைத்த 3 மாதத்துக்குள் வேலை முடிய வேண்டும்.

வீட்டுக்கு இன்சுலேஷன் மட்டும் தேவை என்றால் மானியத்தை எதிர்பார்க்காமல் செய்துவிடுவதும் ஒரு கணக்குத்தான். 2027 மார்ச் 31 வரை, ஆள் வைத்துச் செய்யும் இன்சுலேஷன், சோலார், ஹீட் பம்ப் வேலைக்கு வாட் (விற்பனை வரி) 0%. லாஃப்ட்டில் கம்பளி 10 செ.மீ.தான் இருக்கிறது என்றால் குறுக்காக இன்னொரு 17 செ.மீ. விரித்து 27 ஆக்குவது ஒரே நாள் வேலை. அதற்காக ஒன்றரை வருடம் வரிசையில் நிற்பது வீண்.

## ஹீட் பம்ப் வந்தால் பில் என்ன ஆகும்?

எந்த வழியில் வந்தாலும் இது பொது. மின்சாரம் ஒரு யூனிட், கேஸ் யூனிட்டைவிட ஏறத்தாழ 4 மடங்கு விலை. ஓரளவு நல்ல பாய்லர் 88% திறனில் ஓடுகிறது என்றால், ஹீட் பம்ப் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 யூனிட் வெப்பமாவது கொடுத்தால்தான் பில் பழைய அளவில் நிற்கும். 2.8இல் ஓடினால் பில் ஏறும். சுவர் வழியாகவும் லாஃப்ட் வழியாகவும் வெப்பம் கசியும் வீட்டில், சிறிய ரேடியேட்டரை அப்படியே விட்டு, தண்ணீரை 55 டிகிரிக்குச் சூடாக்கினால் நடப்பது அதுதான். வடிவமைப்பில் தண்ணீரின் வெப்பநிலை 45 டிகிரியோ அதற்குக் கீழோ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

கேஸ் அடுப்பு இருக்கட்டும் என்பது பெரும்பாலான நம் சமையலறைகளின் தீர்ப்பு. அடுப்புக்காக மட்டும் கேஸ் இணைப்பை வைத்திருந்தால் நிலைக்கட்டணம் ஆண்டுக்கு 100 பவுண்டுக்கு மேல் ஓடிக்கொண்டே இருக்கும். இண்டக்‌ஷனுக்கு மாறுவதென்றால் அடுப்பு, தனி மின்கம்பி, புது பாத்திரங்கள் எல்லாம் உங்கள் செலவு, மானியம் தொடாது.

வேறு மறைந்த செலவுகள்: காம்பி பாய்லர் (தொட்டி இல்லாமல் அவ்வப்போது வெந்நீர் தருவது) உள்ள வீட்டில் வெந்நீர்த் தொட்டிக்கு ஓர் அலமாரி அளவு இடம் போகும். 8, 10 மி.மீ. மெல்லிய குழாய் இருந்தால் தரைப்பலகை பெயர்க்கப்படும். அதன் மேல் போட்ட லாமினேட்டை யாரும் திருப்பிப் போட்டுத் தர மாட்டார்கள். லாஃப்ட்டில் அடைத்த பெட்டிகளையும் பித்தளைப் பாத்திரங்களையும் இறக்குவது உங்கள் பொறுப்பு, பலகை அடித்திருந்தால் கழற்றுவதும் பெரும்பாலும் உங்கள் பொறுப்பே.

காற்றோட்டம் பற்றித் தகராறு வரும். மானிய வேலைகள் பாஸ் 2035 என்ற, வீடுகளை மேம்படுத்தும் வேலைக்கான தரவிதியின்படி நடக்கின்றன. இன்சுலேஷன் போட்டால் சமையலறை, குளியலறை விசிறிகளும் ஜன்னல் காற்றுத்துளைகளும் கதவடியில் 10 மி.மீ. இடைவெளியும் வேண்டும். "கதவை அறுக்காதே" என்றால் வேலை நின்றுவிடும். தினமும் சோறு வடித்து, குழம்பு கொதிக்கும் வீட்டை இறுக்கி மூடிவிட்டு விசிறியையும் அணைத்தால் இரண்டாவது குளிர்காலத்தில் மூலைகளில் பூஞ்சை கறுக்கும். அறுக்க விடுங்கள்.

## யார் எதற்குப் போவது

குறியீடு பட்டியலில் இருந்தாலோ வருமானம் 36,000க்குள் இருந்தாலோ லோக்கல் கிராண்ட். வேறு யோசனை வேண்டாம். வேலை கெட்டால் ஒப்பந்தக்காரரை வைத்த கவுன்சிலே உங்கள் முன் இருக்கும் என்பதே அதன் பெரிய பலம். வருமானம் தாண்டி, வீட்டில் இதய அல்லது சுவாச நோயாளி இருந்தால் ஃப்ளெக்ஸின் மூன்றாவது வழி, 2026 முடிவதற்குள். இரண்டும் இல்லையென்றால் லாஃப்ட்டை முதலில் கைக்காசில் முடித்து, பாய்லர் சாகும் தறுவாயில் 7,500ஐ எடுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு திட்டத்தில் பணம் எடுக்க முடியாது.

விசாவில் பொது நிதிக்கு உரிமையில்லை என்று போட்டிருப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கவுன்சில் டாக்ஸ் குறைப்பு அந்தப் பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது. அதை எடுத்து ஃப்ளெக்ஸுக்குக் காட்டப் போனால் விசாவுக்கே பாதகம். இலவசப் பள்ளி உணவு அந்தப் பட்டியலில் இல்லை, இந்த விசாக் குடும்பங்களுக்கும் வருமானம் பார்த்துக் கொடுக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் திட்டத்தின் பெயரைச் சொல்லிக் குடிவரவு ஆலோசகரிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தில் ஹோம் எனர்ஜி ஸ்காட்லாந்து, வேல்ஸில் நெஸ்ட், வட அயர்லாந்தில் 23,000 பவுண்டு வரம்போடு கவுன்சில்கள் ஆள் தேடும் அஃபோர்டபிள் வார்ம்த் என்று கதை வேறு. மேலே சொன்ன லோக்கல் கிராண்ட் எண்களை அங்கே பொருத்த வேண்டாம்.

வேலை முடிந்த அன்று டேப்லெட்டை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். அது வேலை முடிந்ததற்கான ஒப்புதல், அதை வைத்துத்தான் பணம் வெளியாகும். விசிறிகளை ஓடவிட்டுப் பாருங்கள், லாஃப்ட்டுக்குள் டார்ச் அடித்துக் கூரை ஓரத்தில் காற்று போக வழி விட்டிருக்கிறார்களா பாருங்கள், டிரஸ்ட்மார்க் (அரசு ஏற்ற தரமுத்திரை அமைப்பு) பதிவும் சுவர் வேலைக்கு 25 ஆண்டு உத்தரவாதமும் எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். குறை இருந்தால் அந்தப் படிவத்திலேயே எழுதுங்கள், இல்லையென்றால் மறுநாள் வரச் சொல்லுங்கள்.